கசியும் உலை

வீட்டுப் பின்கட்டில் மின்சார உலை கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். கம்பிச்சுருள் செக்கச்செவேலென்று எரிகிறது. மின்மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெப்பமானி 600, 700, 800 என்று ஏறி 870-ஐத் தொட்டதும் அசையாமல் நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைத்தாலும் 875 தான். மூசைக்குள் போட்ட வெண்கலத் துண்டுகள் ஓரம் மட்டும் மழுங்கி, உருகாமல் கிடக்கின்றன. பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் முழுதாக உருக ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் வேண்டும். அச்சில் வார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேலும் 100 டிகிரி வேண்டும்.

கம்பி போதவில்லை என்பதுதான் உடனே தோன்றும் எண்ணம். கடைக்குப் போய்க் காந்தல் என்ற தடித்த சூடேற்றுக் கம்பி வாங்கி, இன்னும் பெரிய சுருளாகச் சுற்றிப் போடுகிறார்கள். முள் கொஞ்சம் ஏறி மறுபடி நிற்கிறது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கம்பியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக எழுதப்படுகிறது. உலை எங்கே கசிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கசிவை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம்.

உலையின் வெப்பநிலையை முடிவு செய்வது கம்பி மட்டுமல்ல. ஒவ்வொரு விநாடியும் உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் எந்த டிகிரியில் சமமாகின்றனவோ, அந்த டிகிரியில் உலை நின்றுவிடும். வயலில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். மடை திறந்து தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும், ஆனால் வரப்பில் நண்டு வளை இருந்தால் நீர்மட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அப்போது மடையை அகலமாகத் திறப்பவர் உண்டா? வரப்பைச் சுற்றிவந்து வளையைத் தேடுவதுதான் விவசாயி செய்வது.

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டின் பின்னால் இப்படியோர் உலை இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. தாமிரபரணிக் கரையில் உலோகம் உருக்குவது இரும்புக் காலத்திலிருந்தே நடந்துவரும் தொழில். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899-இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியாவும் தோண்டியபோது, தாழிகளோடு ஏராளமான வெண்கலப் பொருள்கள் வெளிவந்தன. அவற்றில் சில கலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. தனிச் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் 900-ஐ ஒட்டியே உருகிவிடும். உலை எட்டக்கூடிய வெப்பத்துக்கும் உலோகக் கலவைக்கும் உள்ள உறவு அந்தக் கைவினைஞர்களுக்குப் பழக்கமான விஷயம். இன்றும் அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைகுளம் வெண்கல வேலைக்குப் பேர்போனது. சேரன்மகாதேவிக்கு அடுத்த ரயில் நிலையமான காருகுறிச்சியில் மண்பாண்டத் தொழில் நடக்கிறது. களிமண்ணைத் தீயில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். மேற்கே பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். மின் உலைக்கு வேண்டிய எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

நம் உலையின் உள்ளறை எல்லாப் பக்கமும் 20 செ.மீ. உள்ள ஒரு பெட்டி. சுவர் 11.5 செ.மீ. தடிமன், அதாவது ஒரு செங்கல்லின் அகலம். கல், கனமான தீச்செங்கல் இல்லை. கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்சுலேஷன் செங்கல். மேலே தூக்கித் திறக்கும் மூடி. சுருள் 230 வோல்ட்டில் 2 கிலோவாட். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதே சுருள் 1.5 கிலோவாட் மட்டுமே தரும். ஒரு சுருள் தரும் வெப்பம் வோல்ட்டின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் வோல்ட் 13 சதவீதம் குறைந்தால் வெப்பம் கால் பங்கு குறைந்துபோகிறது.

உள்ளே 1000 டிகிரி இருக்கும்போது சுவர் வழியாக மட்டும் சுமார் 800 வாட் வெளியேறும். வெளிச்சுவர் தொட்டால் சுடும், 90 டிகிரிக்கு மேல் இருக்கும். இது கல்லின் இயல்பு. கசிவு என்று சொல்ல முடியாது. சுவருக்கு வெளியே 5 செ.மீ. செராமிக் போர்வை சுற்றினால் இது 600-ஐ ஒட்டி இறங்கும். பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். போர்வை நல்லதுதான், ஆனால் 200 வாட் மிச்சப்படுத்த அவ்வளவு பணம் செலவழிக்கும் முன், செலவே இல்லாமல் இதைவிட அதிகம் மிச்சமாகும் இடம் ஒன்று இருக்கிறது. அது உலையின் அடிப்பக்கம்.

1000 டிகிரியில் காற்றின் எடை, வெளியே 30 டிகிரியில் உள்ள காற்றின் எடையில் கால் பங்குதான். லேசான காற்று மேலே ஏறத் துடிக்கிறது. மேலே ஓர் இடுக்கும் கீழே ஒரு துளையும் கிடைத்துவிட்டால் உலை முழுவதும் ஒரு புகைபோக்கியாக மாறிவிடும். குளிர்ந்த காற்று கீழே நுழையும், சுருளைத் தடவிச் சூடேறும், மூடியின் இடுக்கு வழியே வெளியேறும். இந்த இழுப்பை உண்டாக்கும் அழுத்த வேறுபாடு மிகச் சிறியது. நம் உலையின் 20 செ.மீ. உயரத்துக்கு இரண்டு பாஸ்கல்கூட வராது. ஆனால் அது இரவும் பகலும் ஓயாமல் வேலை செய்யும்.

மூசை உடைந்து உலோகம் கொட்டினால் வழிந்தோடட்டும் என்று பலர் உலையின் தரையில் ஒரு துளை விடுவார்கள். அது 12 மி.மீ. விட்டம் உள்ளது என்று கொள்வோம். மேலே மூடி சரியாக உட்காராமல் 3 மி.மீ. இடுக்கு சுற்றிலும் இருந்தால், சுண்டுவிரல் நுழையும் இந்த அடித்துளை வழியாக உறிஞ்சப்படும் காற்று மட்டும் ஏறக்குறைய 150 வாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. சுருளின் கம்பி முனைகள் வெளியே வரும் துளைகளும் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். 10 மி.மீ. துளை இரண்டு இருந்தால் அவை அதே அளவு வெப்பத்தை இன்னொரு முறை எடுத்துவிடும்.

மூடியின் இடுக்கைப் பரப்பாகக் கணக்கிட்டால் 24 சதுர செ.மீ. வருகிறது. அடித்துளையோ ஒரு சதுர செ.மீ.க்குச் சற்றே அதிகம். இரண்டில் எதை முதலில் அடைப்பது? மூடியைத்தான் என்று கண் சொல்லும், அங்கேதான் ஆரஞ்சு நிறக் கோடு எரிகிறது. ஆனால் காற்று எவ்வளவு ஓடும் என்பதை அந்தப் பாதையிலேயே மிகக் குறுகலான இடம்தான் முடிவு செய்கிறது. நம் உலையில் அது அடித்துளை. அதை அடைத்துவிட்டால் மேலே இருக்கும் பெரிய இடுக்கு பெரும்பாலும் செயலற்றுப்போகும். உள்ளே காற்று வர வழியில்லாதபோது வெளியே போவதற்கும் காற்று இல்லை. ஒரு பெரிய இடுக்கைவிட, வெவ்வேறு உயரத்தில் உள்ள இரண்டு சின்னத் துளைகள் அதிகம் கெடுக்கும். உலை கட்டுபவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பக்கவாட்டில் கதவு வைத்த உலைகளில் நிலைமை மோசம். அங்கே கதவின் இடுக்கு மேலிருந்து கீழ்வரை நீள்கிறது. அதன் கீழ்ப்பாதி காற்றை உள்ளே இழுக்கும், மேல்பாதி வெளியே தள்ளும். தனியாக ஒரு துளையே தேவையில்லை. முதல் முறை உலை கட்டுபவர் மேல்மூடி உலையே கட்டட்டும்.

இத்தனை துளைகளை ஏன் விடுகிறோம்? பழக்கம்தான். கரி உலையில் வேலை பார்த்தவர்களின் கை அப்படிப் பழகியிருக்கிறது. கரி எரியக் காற்று வேண்டும். துருத்தி ஊதினால்தான் உலை உலையாகும். அந்த உலையை அடைத்தால் அணைந்துவிடும். மின் உலைக்குக் காற்று தேவையில்லை. காந்தல் கம்பியின் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலம் உருவாகக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும் என்பது உண்மை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும், மூடியைத் திறந்து மூடும்போது புகும் காற்றும் அதற்குத் தாராளமாகப் போதும். மெழுகு அச்சைச் சுட்டு மெழுகை வெளியேற்றும் வேலையை மட்டும் இந்த உலையில் செய்யாதீர்கள். அதற்குப் புகை போக வழி வேண்டும்; அது வேறு அடுப்பின் வேலை.

இனி, கண்ணுக்குத் தெரியும் அந்த ஆரஞ்சு கோட்டுக்கு வருவோம். சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்பதை 1879-இல் ஜோசப் ஸ்டெஃபான் சோதனைகளிலிருந்து கண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து லுட்விக் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாடாக நிறுவினார். 700 டிகிரியில் உலையின் ஒரு சதுர செ.மீ. திறப்பு வழியே சுமார் 5 வாட் வெளியேறும். 1000 டிகிரியில் அது 15 வாட். 300 டிகிரிதான் கூடியது, இழப்போ மூன்று மடங்கு. அலுமினியம் உருக்கும்போது தொந்தரவு தராத உலை வெண்கலத்துக்கு வந்ததும் முரண்டு பிடிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த 15 வாட் கணக்கு நேராகத் திறந்த வாய்க்குத்தான். 3 மி.மீ. அகலமும் 11.5 செ.மீ. ஆழமும் உள்ள இடுக்கில் ஒளி நேர்கோட்டில் வெளியே வர வழி மிகக் குறைவு. பெரும்பகுதி இருபுறச் சுவரிலும் மோதி உள்ளேயே திரும்பிவிடும். இருட்டில் பார்க்க அச்சமூட்டும் அந்தக் கோடு, அதன் பரப்பு சொல்வதில் சிறு பங்கைத்தான் வெளியே விடுகிறது. மூடியின் விளிம்பை ஒரு படி இறக்கி, நேர்ப்பாதையை முறித்துவிட்டால் அதுவும் போகும். கதிர்வீச்சின் உண்மையான கேடு மூடியைத் திறக்கும்போது நடக்கிறது. 20-க்கு 20 செ.மீ. வாய் முழுதாகத் திறந்தால் 6 கிலோவாட் வெளியே பாய்கிறது. சுருள் தருவதைப்போல் மூன்று மடங்கு! உருகிவிட்டதா என்று அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்ப்பவர் எந்த இடுக்கை அடைத்தும் பயனில்லை. மூடியின் நடுவில் சின்னதாக ஒரு பார்வைத் துளை வைத்து, அதற்கு ஒரு செங்கல் தக்கை செருகி வைத்தால் இந்தக் குறை தீரும்.

வெப்பம் வெளியேறும் மூன்றாவது வழி, உலோகம். உள்ளறையிலிருந்து வெளித்தகரம் வரை ஊடுருவிப் போகும் ஒரு இரும்பு போல்ட் தன்னைச் சுற்றியுள்ள கல்லைவிட நூறு மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும். மூடியின் கொக்கி, கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் வெளித்தகரத்தோடு நிறுத்துங்கள். எதுவும் சுவரைத் துளைத்து உள்ளே போகக் கூடாது.

இப்போது நம் உலையின் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். சுவர் 800 வாட். காற்றிழுப்பு 300-ஐ ஒட்டி. மற்றவை சுமார் 300. மொத்தம் 1400 வாட். சாயங்கால மின்சாரம் தருவது 1500. உலோகத்தை உருக்க மிஞ்சுவது 100 வாட் மட்டும். செம்பை ஒரு கிலோ அளவுக்கு உருக்க 650 கிலோஜூல், அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெண்கலத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று கிலோவுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 100 வாட்டில் அதற்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். துளைகளையும் இடுக்குகளையும் ஒழுங்காக அடைத்து 450 வாட் மிச்சப்படுத்தினால் உலோகத்துக்கு 550 வாட் கிடைக்கும். அதே மூன்று கிலோ ஒரு மணி நேரத்தில் உருகும். கம்பி அதேதான், கல்லும் அதேதான்.

எதை வைத்து அடைப்பது? முதலில், எதை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கல்லாகிறது. 500 டிகிரியை நெருங்கும்போது அந்த நீர்ப்பிணைப்பு சிதைந்து பொடியாக உதிர்ந்துவிடும். குழாய்க் கசிவுக்கு வைக்கும் எபாக்சி கருகிப் புகையும். சிவப்பு நிற சிலிக்கான் பசை 300 டிகிரியைத் தாண்டாது.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு பழைய முறை இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பற்பமும் செந்தூரமும் செய்யும்போது, மருந்தை ஓர் அகலில் வைத்து, இன்னோர் அகலை வாயோடு வாயாகக் கவிழ்த்து, இரண்டும் சேரும் விளிம்பில் சீலைமண் கட்டுவார்கள். துணியில் குழைத்த மண்ணைத் தடவிச் சுற்றி, உலர்த்தி, மேலும் ஒரு சுற்றுச் சுற்றுவது. ஏழு சுற்றுச் சீலை என்பது மருந்து நூல்களில் அடிக்கடி வரும் அளவு. பிறகு வறட்டி அடுக்கிப் புடமிடுவார்கள். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியால் இந்தப் பக்கத்து மக்களுக்கு இது அந்நியமான சங்கதியும் இல்லை. சீலைமண்ணில் துணி செய்யும் வேலையைக் கவனியுங்கள். வெறும் களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். துணியின் இழைகள் அந்த இழுவிசையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்து, ஒரு பெரிய வெடிப்பு விழாமல் காக்கின்றன. தீயில் துணி எரிந்துபோகும்போது மண் இறுகிவிட்டிருக்கும். சுற்றிச் சுற்றிப் பூசுவதால் ஒரு படலத்தில் விழும் கீறலை அடுத்த படலம் மூடிவிடும்.

துணி செய்யும் வேலையை உமியும் செய்யும். கூடுதலாக இன்னொன்றும் செய்யும். மண்ணோடு பிசைந்த உமி தீயில் எரிந்து, இருந்த இடத்தில் நுண்ணிய காற்றறைகளை விட்டுச் செல்கிறது. மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எடை குறைந்த, வெப்பத்தை எளிதில் கடத்தாத மண் கிடைத்துவிடுகிறது. தென்னிந்தியாவில் உருக்கு எஃகு செய்த பழைய மூசைகளின் மண்ணிலும் உமி கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்றைய எஃகு ஆலைகளிலும் உருகிய எஃகின் மேல் உமிச்சாம்பலைத் தூவி வெப்பம் போகாமல் காக்கிறார்கள். அம்பை 16 நெல் பிறந்த பள்ளத்தாக்கில் உமிக்குப் பஞ்சமில்லை. குளத்துக் களிமண் ஒரு பங்கு, பழைய செங்கல் தூள் அல்லது ஆற்றுமணல் ஒரு பங்கு, உமியும் உமிச்சாம்பலும் சேர்ந்து ஒரு பங்கு என்று தொடங்கி, சின்ன வில்லைகளாகத் தட்டிச் சுட்டுப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம். காருகுறிச்சிக் குயவர் ஒருவரிடம் மண்ணைக் காட்டி யோசனை கேட்டால் பாதி வேலை மிச்சம்.

ஆனால் இந்த மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. பானைக்கு உதவும் செம்மண் களியில் இரும்பு முதலானவை கலந்திருப்பதால் 1100 டிகிரியை நெருங்கும்போது அது இளகத் தொடங்கும். ஆகவே இதைச் சுவரின் வெளிப்புற இடுக்குகளுக்கும் அடித்தளத்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். சுருளைப் பார்த்திருக்கும் உட்பக்கத்துக்கு, இன்சுலேஷன் செங்கல் விற்கும் கடையிலேயே கிடைக்கும் தீக்களிக் கலவை வேண்டும். அதையும் தடித்துப் பூசக் கூடாது. இன்சுலேஷன் செங்கல் மென்மையானது; இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரசினாலே முகம் சமமாகிவிடும். அப்படி உரசிச் சேர்த்த பிறகு, மோர்ப் பதத்தில் கரைத்த கலவையில் தோய்த்து ஒட்டினால் இணைப்பு ஒரு மி.மீ.க்குள் அடங்கும். இணைப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நீடிக்கும்.

மூடிக்கு மட்டும் கலவையும் உதவாது, களிமண்ணும் உதவாது. காரணம் வெப்பத்தில் பொருள்கள் நீள்வது. 23 செ.மீ. செங்கல் 1000 டிகிரியில் ஒரு மி.மீ.க்கு மேல் நீள்கிறது. உள்முகம் நீண்டு வெளிமுகம் நீளாததால் மூடி வில்லாக வளைகிறது. வெளிச்சட்டத்தின் இரும்பு தன் பங்குக்கு வேறு அளவில் நீள்கிறது. குளிர்ந்திருக்கும்போது அரத்தால் தேய்த்துச் சரிபார்த்த மூடி, சூட்டில் நாலு மூலையிலும் தூக்கிக்கொள்வது இதனால்தான். இறுக்கமாக அடைத்தால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். மூடிக்கு வேண்டியது அமுங்கி விரியும் ஒரு பொருள்.

அலுமினாவும் சிலிக்காவும் சேர்த்து உருக்கி, பஞ்சாக இழைத்த செராமிக் நார் 1940-களில் அமெரிக்காவில் உருவானது. 25 மி.மீ. தடிமனில், 1260 டிகிரி தாங்கும் போர்வையாக இன்று கிடைக்கிறது. அதை 5 செ.மீ. அகல நாடாவாக வெட்டி உலையின் வாய்விளிம்பைச் சுற்றிப் படிய வைத்து, மூடியின் எடையிலேயே அமுங்கவிட வேண்டும். மூடி எந்தப் பக்கம் வளைந்தாலும் நார் கூடவே விரிந்து இடுக்கை நிரப்பும். நாடாவை வாயின் உள்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் மூசையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இடுக்கி அதைக் கிழிக்கும். பல முறை சூடான நார் சுருங்கி விறைத்துப்போகும். அப்போது அதை மாற்றிவிட வேண்டும்.

இந்த நாரை வெட்டும்போது தயவுசெய்து நல்ல முகக்கவசம் அணியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதன் இழைகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. வெட்டும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் இழை பறக்காது. உடலில் கரையும் வகை நார்களும் இப்போது கிடைக்கின்றன, கொஞ்சம் விலை கூடினாலும் வீட்டு உலைக்கு அவைதான் சரி. பல நாள் சூடாகிப் பழசான நாரிலும், நன்றாக வெந்த உமிச்சாம்பலிலும் படிகச் சிலிக்கா உருவாகியிருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

அடைக்கக் கூடாத இடங்களும் உண்டு. சுருளைத் தீக்களிக்குள் புதைத்துவிட்டால் அதன் வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்பி தன் எல்லையைத் தாண்டிச் சூடாகி அறுந்துவிடும். சுருள் தன் பள்ளத்தில் திறந்தபடியே இருக்கட்டும். கம்பி முனைகள் வெளிவரும் துளையில் ஒரு பீங்கான் குழாயைச் செருகி, குழாய்க்கும் கம்பிக்கும் இடையே மட்டும் நாரை லேசாகத் திணிக்க வேண்டும். சுவரைக் கடக்கும் பகுதியில் கம்பியை இரட்டையாக முறுக்கிவிட்டால் அந்த இடம் குறைவாகச் சூடாகும். வெளியே மின்கம்பி இணையும் திருகைப் போர்வையால் மூடாதீர்கள், அது காற்றாடத்தான் வேண்டும். அடித்துளையைக் கல்லாக இறுகும் எதையும் கொண்டு அடைக்காமல் நார் உருண்டையால் அடைத்து, கீழே உலர்ந்த மணல் தட்டு வையுங்கள். மூசை உடைந்தால் உருகிய உலோகம் அந்த உருண்டையைத் தள்ளிக்கொண்டு இறங்கும்.

புதிதாகப் பூசிய மண்ணிலும் கலவையிலும் இருக்கும் நீர் பொறுமையாக வெளியேற வேண்டும். தண்ணீர் நீராவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பருக்கிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் பூச்சு பெயர்ந்து தெறிக்கும். நிழலில் சில நாள் உலர்த்தி, பிறகு மூடியைச் சற்றுத் திறந்து வைத்து 100 முதல் 150 டிகிரிக்குள் பல மணி நேரம் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலை சும்மா கிடந்திருந்தால் அப்போதும் இதையே செய்ய வேண்டும். ஈரம் குடித்த கல் வெப்பத்தையும் கூடுதலாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சுருளின் மேல் எந்த உறையும் கிடையாது. மூடி திறந்திருக்கும்போது இடுக்கி அதில் பட்டால் 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும். மூடியைத் தூக்கியதும் மின்சாரம் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் வைக்காத உலையை இயக்கவே கூடாது. வெளித்தகரத்துக்கு எர்த், இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டும் கட்டாயம். பித்தளை உருக்குவதாக இருந்தால் கூரையில்லாத இடத்தில் செய்யுங்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக வரும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

கடைசியாக, அடைப்பு வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலை சூடாக இருக்கும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்ப்பக்கத் துளைகள் அருகே கொண்டுபோங்கள். புகை உள்ளே வளைந்தால் அங்கே இழுப்பு இருக்கிறது. வெளிச்சுவரைக் கைத்துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பதானால், பளபளக்கும் தகரம் பொய் சொல்லும். ஆங்காங்கே கருப்புப் பெயின்ட் பொட்டு வைத்து அதன்மேல் அளவெடுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை எண்ணலாம். யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று முகப்பில் அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்கு 80 சிமிட்டல் என்பது 1.5 கிலோவாட். வெப்பநிலை ஏறாமல் இறங்காமல் நிற்கும் நேரத்தில் உலை எடுக்கும் மின்சாரம் முழுவதும் இழப்புதான்.

எல்லாவற்றிலும் எளிய சோதனை ஆறவிட்டுப் பார்ப்பது. காலி உலையை 850 வரை ஏற்றி, சுவர் முழுதும் சூடேற இரண்டு மணி நேரம் அங்கேயே வைத்திருந்து, சுவிட்சை அணையுங்கள். 800-லிருந்து 700-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடித்துளையை அடைத்துவிட்டு மறுநாள் அதே சோதனை. கம்பித் துளைகளை அடைத்த பிறகு மறுபடியும். மூடிக்கு நாடா வைத்த பிறகு மறுபடியும். ஒரு நேரத்தில் ஓர் அடைப்பு மட்டும் செய்யுங்கள், இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். எந்த அடைப்புக்குப் பிறகு நிமிடம் கூடவில்லையோ அந்த இடத்தில் கசிவு இல்லை. அங்கே மேலும் பணம் போடாமல் அடுத்த துளைக்குப் போங்கள்.

அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, உங்கள் தெருவில் அடுத்து உலை கட்டப்போகிறவரிடம் கொடுங்கள்.